பெயர் இல்லாத பாட்டில்

கேள்வி: கோபிச்செட்டிபாளையம் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். பெரியவளுக்கு இரண்டரை வயது, சின்னவனுக்கு நான்கு மாதம். வீட்டில் இருக்கும் எல்லாப் பொருளிலும் விஷம் என்று போனில் வீடியோ மேல் வீடியோவாக வருகிறது. பார்த்துப் பார்த்துத் தூக்கமே போய்விட்டது. நான்ஸ்டிக் தவாவைத் தூக்கிப் போட்டேன். பிளாஸ்டிக் டப்பாக்களைக் கழித்துவிட்டு எவர்சில்வர் வாங்கினேன். சோப்பு, ஷாம்பூ எல்லாம் ஹெர்பலுக்கு மாற்றிவிட்டேன். செலவு கையை மீறிப் போனதால் பாத்ரூமுக்கு மட்டும் வாராவாரம் வண்டியில் வரும் அண்ணனிடம் ஆசிட்டும் பினாயிலும் நம் பாட்டிலிலேயே ஊற்றி வாங்கிக்கொள்கிறேன். அத்தை இதையெல்லாம் பார்த்து, "நாங்கெல்லாம் புள்ள வளக்கலையா?" என்கிறார். அவர் சாயங்காலமானால் சாம்பிராணி போடுவார், ராத்திரி கொசுவத்தி. சின்னவனுக்குப் பெட்டியில் இருந்த பழைய சேலையில்தான் தொட்டில். வாசலுக்கு மஞ்சள் சாணிப் பவுடர். நான் அளவுக்கு மீறிப் பயப்படுகிறேனா? இன்னும் எதை மாற்ற வேண்டும்?

பதில்:

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பயப்படுவது தப்பில்லை. ஆனால் நீங்கள் பயந்து தூக்கிப் போட்ட பொருள்களைவிட, பயப்படாமல் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் என்னை உட்கார விடவில்லை. வண்டியில் வரும் அண்ணனிடம் நம் பாட்டிலிலேயே ஊற்றி வாங்கும் ஆசிட்.

குழந்தைகள் நல மருத்துவராக 26 வருடம் வேலை பார்க்கிறேன். நான்ஸ்டிக் தவாவால் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வரப்பட்ட குழந்தையை நான் பார்த்ததில்லை. தண்ணீர் பாட்டிலில் இருந்த ஆசிட்டைக் குடித்து வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு பையன் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறான். உங்கள் மகள் வயதுதான். வெயிலில் விளையாடிவிட்டு ஓடி வந்திருக்கிறான். பாத்ரூம் வாசல் திட்டில் ஒரு லிட்டர் பாட்டில். மூடி சரியாகத் திருகவில்லை. அவனைப் பொறுத்தவரை அது தண்ணீர். ஒரே ஒரு மடக்கு. கொண்டு வரும்போது உதடு வெளுத்து வீங்கியிருந்தது, எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிட்டுக்கொண்டிருந்தான். முதல் வாரம் தப்பித்துவிட்டான் என்று அவன் அம்மா கும்பிட்டார். மூன்றாவது வாரத்தில் உணவுக்குழாய் சுருங்க ஆரம்பித்தது. வெந்த இடம் ஆறும்போது தழும்பாகி இறுகும். முதலில் சோறு இறங்கவில்லை, அப்புறம் கஞ்சி, அப்புறம் பால்கூட. அதற்குப் பிறகு மயக்க மருந்து கொடுத்து, குழாய் விட்டு, அந்த இடத்தை விரித்துவிடும் சிகிச்சை. அதுவும் ஒரு தடவையோடு முடியவில்லை. இரண்டு வருடம் நடந்தார்கள்.

அந்த அம்மா கவனமில்லாதவர் இல்லை. உங்களைப் போலத்தான், பத்து ரூபாய் மிச்சம் பிடித்தவர்.

கடையில் லேபிளோடு வரும் கழிப்பறை திரவமும் அமிலம்தான். அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பெரும்பாலும் 10 சதவீதம் அளவில் இருக்கும், பாட்டிலில் எழுதியிருக்கும். நிறம் இருக்கும், மூடி எளிதில் திறக்காது, கழுத்து வளைந்திருக்கும், யாரும் அதை வாயில் வைக்கத் தோன்றாது. வண்டியில் ஊற்றித் தருவது எத்தனை சதவீதம் என்று விற்பவருக்கே தெரியாது. அதைவிட முக்கியம், அது குடிக்கும் பாட்டிலில் இருக்கிறது. பாட்டிலைப் பார்த்தால் வாயில் வைக்க வேண்டும் என்று நாமேதான் குழந்தைக்குப் பழக்கியிருக்கிறோம். 2013-ல் உச்ச நீதிமன்றம் ஆசிட்டைச் சில்லறையில் விற்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவரின் அடையாளத்தைக் குறித்து வைக்க வேண்டும், 18 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்கக் கூடாது. ஆசிட் வீச்சுக்கு ஆளான பெண்கள் போராடிப் பெற்ற உத்தரவு அது. தெருவில் நடப்பது என்ன என்று உங்களுக்கே தெரியும்.

மண்ணெண்ணெய், தின்னர், டர்பன்டைன், கொசு லிக்விட் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். கொசு லிக்விடில் பூச்சிமருந்து ஒன்று, இரண்டு சதவீதத்துக்குள்தான் இருக்கும். மீதியில் பெரும்பங்கு மண்ணெண்ணெய் வகை எண்ணெய். குழந்தை அதைக் குடித்தால் வயிற்றைவிட நுரையீரலுக்குத்தான் ஆபத்து. மெல்லிசான எண்ணெய் என்பதால் விழுங்கும்போதோ வாந்தி எடுக்கும்போதோ மூச்சுக்குழாய்க்குள் நழுவி நிமோனியா ஆக்கிவிடும். அதனால்தான் வாந்தி எடுக்க வைக்காதீர்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறோம். ஊரில் இன்னும் உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், சோப்புத் தண்ணீர் என்று கரைத்து ஊற்றுகிறார்கள். ஆசிட் என்றால் ஒரு தடவை வெந்த குழாய் வாந்தியில் இரண்டாவது தடவை வேகும். மண்ணெண்ணெய் என்றால் நுரையீரலுக்குப் போகும். என்ன குடித்திருந்தாலும் விரலை விட்டுக் குடையாதீர்கள், எதையும் கரைத்துக் கொடுக்காதீர்கள். வாயைத் துடைத்துத் தண்ணீரால் கழுவிவிட்டு, 108-ஐக் கூப்பிடுங்கள். குடித்த பாட்டிலையும் கையோடு எடுத்து வாருங்கள். கண்ணில் பட்டால் மட்டும் முதலில் தண்ணீர், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. குழாயைத் திறந்துவிட்டு, இமையை விரித்துப் பிடித்து, குழந்தை எவ்வளவு கத்தினாலும் 15 நிமிடமாவது விடாமல் கழுவ வேண்டும். டெல்லி எய்ம்ஸில் நஞ்சுத் தகவல் மையம் ஒன்று 24 மணி நேரமும் இயங்குகிறது. கட்டணமில்லா எண் 1800 116 117. ஃபிரிட்ஜ் மேல் எழுதி ஒட்டுங்கள்.

பாத்ரூம் பேச்சு வந்ததால் இன்னொன்று. பிளீச்சிங் பவுடரைத் தூவி அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றினால் கறை சீக்கிரம் போகும் என்று பலர் செய்கிறார்கள். அப்போது குப்பென்று கிளம்பி நெஞ்சைப் பிடிப்பது குளோரின் வாயு. இரண்டும் ஒரே நாளில் வேண்டாம்.

இப்போது அத்தையின் மஞ்சள் பவுடர். உங்கள் பக்கத்தில் இது இல்லாத தெருவே கிடையாது. மாடு குறைந்துபோனது, வாசல் தெளிக்கச் சாணி கிடைப்பதில்லை, அதற்குப் பதிலாக வந்தது. பெயர்தான் சாணிப் பவுடர், உள்ளே சாணி துளியும் இல்லை. மஞ்சளாக இருப்பது ஆரமைன், பச்சையாக இருப்பது மாலகைட் கிரீன். இரண்டுமே துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றும் சாயம். வயிற்றுக்குள் போனால் கல்லீரல், சிறுநீரகம், மூளை என்று ஒன்றையும் விடாது. முறிவு மருந்து கிடையாது. கோவை, ஈரோடு, திருப்பூர் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்த எந்த டாக்டரைக் கேட்டாலும் இந்தப் பொட்டலத்தைப் பற்றிச் சொல்வார். அரசு தடை போட்டும் பெட்டிக்கடைகளில் கிடைக்கிறது. மனம் உடைந்து இருக்கும் ஒருவர் கைக்கு எட்டும் இடத்திலும் இது இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அத்தையிடம் இது சாணி இல்லை என்ற ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள். அது தெரியாமல்தான் தினமும் கையால் கரைத்துக்கொண்டிருக்கிறார். வெறும் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாலும் வாசல் வாசல்தான்.

எலி பேஸ்ட்டும் இந்தக் கதைதான். பல்துலக்கும் பேஸ்ட் மாதிரி டியூபில் வரும் மஞ்சள் பாஸ்பரஸ் மருந்தைத் தமிழ்நாட்டில் தடை செய்திருக்கிறார்கள். அதைத் தின்ற குழந்தை முதல் ஓரிரு நாள் நன்றாக ஓடியாடும். அப்புறம் கல்லீரல் செயலிழக்கும். வீட்டில் எங்காவது பழைய டியூப் கிடந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். எலி மருந்து வைத்த அறையில் யாரும் தூங்கக் கூடாது. 2024 நவம்பரில் சென்னையை ஒட்டிய குன்றத்தூரில் அப்படித் தூங்கிய வீட்டில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள்.

சரி, தொட்டிலுக்கு வருகிறேன். பழைய சேலையைவிடப் பிள்ளைக்கு இதமான துணி கிடையாது. நானும் அதில்தான் வளர்ந்தேன். ஆனால் அந்தச் சேலை பெட்டியில் எதோடு இருந்தது? பெரும்பாலான வீட்டில் பாச்சை உருண்டையோடு. அந்துருண்டை என்பீர்கள், சில ஊரில் ரசகற்பூரம் என்பார்கள். அது நாப்தலீன். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும். ஆண் குழந்தைகளில் அதிகம். அப்படிப்பட்ட பிள்ளை நாப்தலீன் ஏறிய துணியில் படுத்து அந்த வாசனையைச் சுவாசித்தாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைய ஆரம்பிக்கும். பிறந்த குழந்தை என்றால் மஞ்சள்காமாலை கிடுகிடுவென ஏறி மூளையைத் தொடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008-லேயே நாப்தலீன் உருண்டைக்குத் தடை வந்துவிட்டது. உங்கள் மகனுக்கு அந்த நொதி குறைவா என்பது பரிசோதனை செய்யாமல் தெரியாது. அதனால் எந்தப் பிள்ளைக்கும் ஒரே முறைதான். பெட்டியில் இருந்து எடுத்த சேலையை நன்றாக அலசி, வாசனை முழுக்கப் போகும்வரை இரண்டு, மூன்று நாள் வெயிலில் போட்டு, பிறகு தொட்டில் கட்டுங்கள். பெட்டிக்குள் காய்ந்த வேப்பிலையோ வசம்போ போட்டு வையுங்கள். (வசம்பு பெட்டியோடு நிற்கட்டும். உரைத்துப் பிள்ளை நாக்கில் தடவ வேண்டாம்.) துணியைப் பயன்படுத்திய பிறகு பிள்ளை சோர்ந்து வெளுத்து, சிறுநீர் கட்டன் காப்பி நிறத்தில் போனால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.

கற்பூரம் என்ற பெயரைப் பாருங்கள். பொங்கலில் போடும் பச்சைக் கற்பூரம், சாமிக்கு ஏற்றும் சூடம், பெட்டியில் போடும் ரசகற்பூரம், பொருள் வேறானாலும் மூன்றுக்கும் பெயர் கற்பூரம்தான். வெள்ளையாக, பளபளவென்று, மிட்டாய் போல இருக்கும். சாமி மாடத்துச் சூடத்தைக் கல்கண்டு என்று நினைத்து வாயில் போட்ட குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். சின்னக் குழந்தைக்கு ஒரு கிராம்கூட உயிருக்கு ஆபத்தாகலாம். சளிக்குத் தேங்காய் எண்ணெயில் சூடம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவுவது நம் பக்கம் பெரிய பழக்கம். தோல் வழியாகவும் உள்ளே போகும், கை வழியாக வாய்க்கும் போகும். இரண்டு வயது வரை வேண்டவே வேண்டாம். நீலகிரித் தைலமும் அப்படியே. இலையில் இருந்து எடுத்ததுதான், சந்தேகமில்லை. ஆனால் பிள்ளை அதில் ஒரு ஸ்பூன் குடித்தாலும் மயக்கமும் வலிப்பும் வரலாம். ஹெர்பல் என்ற சொல்லை நம்பி எதையும் கீழ்த்தட்டில் வைத்துவிடாதீர்கள். சோப்பு, ஷாம்பூவை மாற்றியது உங்கள் விருப்பம். அதனால் லாபமும் பெரிதாக இல்லை, நஷ்டமும் இல்லை.

புகை விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற கொசுவத்திச் சுருள்களை எரித்துப் பார்த்து 2003-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வெளிவரும் நுண்துகளின் அளவு, ரகத்தைப் பொறுத்து, 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று கண்டார்கள். வீட்டில் யாரும் சிகரெட் பிடிக்கவில்லை என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். நான்கு மாதப் பிள்ளை பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறது, ராத்திரி முழுக்க அதே அறையில். கொசுவலை வாங்குங்கள். தொட்டிலுக்கும் வலை கிடைக்கும். ஜன்னலுக்கு வலை அடித்துத் தர வீட்டுக்காரர் சம்மதித்தால் அதைவிட நல்லது. சந்தையில் விற்கும் பெயர் தெரியாத கொசு ஊதுபத்தியை மட்டும் தொடாதீர்கள். 1968-ம் வருடத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி எந்தக் கொசு மருந்தும் பதிவு எண்ணோடுதான் விற்க வேண்டும். பெட்டியில் ஒரு சாய்சதுரமும் இருக்கும், அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறம். சிவப்பு என்றால் மிகக் கடுமையான விஷம், அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறையும். அந்தச் சதுரமும் எண்ணும் இல்லாத பெட்டி வீட்டுக்குள் வரக் கூடாது.

சாம்பிராணி? அத்தையின் மனத்தை நோகடிக்க வேண்டாம். பிள்ளையைக் குளிப்பாட்டித் தலையைப் புகையில் காட்டுவதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். சாமி அறையில் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, புகை அடங்கிய பிறகு பிள்ளையை அந்தப் பக்கம் கொண்டு போகலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் உடனே தெரியும் விஷம். தெரியாமல் சேர்வது ஒன்று இருக்கிறது, காரீயம். நாம் ஈயம் என்ற ஒரே சொல்லால் இரண்டு உலோகத்தைச் சொல்கிறோம். பித்தளைக்குப் பூசுவதும் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு செய்வதும் வெள்ளீயத்தில்தான் இருக்க வேண்டும். அதனால் கெடுதல் இல்லை. காரீயம் வேறு, பேட்டரிக்குள் இருப்பது. விலை பல மடங்கு குறைவு என்பதால் அதைக் கலந்துவிட்டால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. புளித்தண்ணீர் கொதிக்கக் கொதிக்க அது ரசத்தில் இறங்கும். குழந்தையின் ரத்தத்தில் இவ்வளவு காரீயம் வரை இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காய்ச்சல் வராது, வாந்தி வராது, படிப்பும் கவனமும் மெல்ல மெல்ல மங்கும். அதனால் எதில் செய்தது என்று உறுதியாகத் தெரியாத ஈயச் சொம்பில் வைத்த ரசத்தைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

உங்களுடையது வாடகை வீடு என்பதால் ஜன்னல் கம்பியைப் பாருங்கள். வீட்டுப் பெயின்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த பெயின்ட் உரிந்து செதில் செதிலாக நிற்கிறதா? இரண்டரை வயதுப் பிள்ளை கம்பியைப் பிடித்துத் தெருவைப் பார்க்கும், கம்பியைக் கடிக்கும். சுரண்டித் தேய்க்க வேண்டாம், தூள் பறந்து இன்னும் கெடும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மேலே புது பெயின்ட் ஒரு கோட் அடிக்க வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கட்டில், தொட்டில், நாற்காலியை அந்த ஜன்னலில் இருந்து தள்ளிப் போடுங்கள். கண்ணுக்குள் மை தீட்ட வேண்டாம். கடை மையில், அதிலும் பொடியாக வரும் சுர்மாவில், காரீயம் இருப்பதுண்டு. வீட்டில் விளக்குக் கரியில் செய்த மையில் அது இல்லை என்றாலும், விரலால் தீட்டும்போது கண்ணில் சீழ் பிடிக்கலாம். திருஷ்டிக்கு உள்ளங்காலில் வைக்கலாமே. பொம்மை வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள், 2021 ஜனவரியில் இருந்து அது கட்டாயம்.

நீங்கள் தூக்கிப் போட்டவற்றைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நான்ஸ்டிக் கீறாமல் இருந்து, வெறும் தவாவை அடுப்பில் காயவிடாமல் இருந்தால் அதைத் தூக்கிப் போடும் அளவுக்கு அவசரம் இல்லை. பிளாஸ்டிக்கில் சூடான உணவைப் போடாமல் இருப்பது நல்ல பழக்கம், எவர்சில்வர் வாங்கியது வீண் போகாது. ஹோட்டல் சாம்பாரைக் கவரில் வாங்காமல் தூக்குப்போசியில் வாங்குங்கள். மற்றதற்கு இனிமேல் பணம் செலவழிக்காதீர்கள். கொசுவலைக்கும், சிங்க் கீழே இருப்பதையெல்லாம் ஏற்றி வைக்க உயரத்தில் ஒரு பூட்டு அலமாரிக்கும் அந்தப் பணம் வேண்டும்.

அத்தை கேட்டதும் நியாயமான கேள்விதான். அவர் பிள்ளை வளர்த்த காலத்தில் வாசலுக்கு நிஜச் சாணி இருந்தது, தலைக்குச் சீயக்காயும் துணி துவைக்கக் கட்டிச் சோப்பும் இருந்தன. அவரிடம் வாக்குவாதம் செய்யாமல், சேலையை வெயிலில் காயப்போடும் வேலையையும் பாட்டில்களைச் சரிபார்க்கும் வேலையையும் அவர் பொறுப்பில் விடுங்கள். உங்களைவிடக் கவனமாகச் செய்வார்.

சின்னவனின் அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது பெரியவளையும் கூட்டிக்கொண்டு போய் ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்து குறைந்த உடம்பு காரீயத்தை அதிகமாக உறிஞ்சும். சுவர்ச் சுண்ணாம்பு, மண், பெயின்ட் செதில் தின்னும் பழக்கம் அவளுக்கு இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தத்தில் காரீய அளவைப் பார்க்கும் பரிசோதனை தேவையா என்று அவர் முடிவு செய்வார்.

கடைசியாக, இப்போது வீட்டில் இருக்கும் அந்த ஆசிட் பாட்டில். இதைப் படித்து முடித்ததும் பிள்ளைகளை அத்தையிடம் விட்டுவிட்டுப் போங்கள். பாத்ரூம் கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும். பிளாஸ்டிக் வாளியில் முக்கால்வாசி தண்ணீர் பிடித்து, அதில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஆசிட்டின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, தெறிக்கும். அந்தத் தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றி, இன்னும் இரண்டு வாளி தண்ணீர் விடுங்கள். அன்றைக்கு பிளீச்சிங் பவுடர் பக்கம் போக வேண்டாம். காலி பாட்டிலை இரண்டு மூன்று தடவை அலசி, யாரும் எடுத்துத் தண்ணீர் பிடிக்காதபடி கத்தியால் கீறிக் குப்பையில் போடுங்கள். பினாயில் பாட்டிலையும் அப்படியே. அடுத்த வாரம் வண்டி வரும்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.